முன்னும் பின்னும் ஒன்றான வள்ளம்



நீர்கொழும்பு உங்களுக்குப் புதிய இடமல்ல. ஹஜ்ஜுக்கோ மத்திய கிழக்குக்கோ புறப்படும் உறவினரை வழியனுப்பக் கட்டுநாயக்க வரை வந்தவர்கள், அப்படியே இன்னும் சில கிலோமீற்றர் போய் மீன் வாங்கிக்கொண்டு திரும்பியிருப்பீர்கள். கடற்கரை மணலில் தும்புப் பாய்களை விரித்து, அவற்றின் மேல் கருவாடு காயவைப்பதைக் கண்டிருப்பீர்கள். அந்த வாடை தாங்காமல் முக்காட்டு முனையால் மூக்கைப் பொத்தியும் இருப்பீர்கள். ஆனால் தலையைச் சற்று நிமிர்த்திக் கடலைப் பார்த்தீர்களா? காலை வேளையாயின் தூரத்தில் மண்ணிறப் பாய்கள் சில, சதுரமாக, கரையோரம் வரிசையாக நகர்ந்துகொண்டிருக்கும். அவற்றில் ஒன்றில் ஏறிப் போய் வந்த கதையைத்தான் இம்முறை உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

சிங்களத்தில் இவ்வள்ளத்தை 'ஒறுவ' என்பார்கள். நீர்கொழும்பு மீனவரோடு தமிழில் கதைக்கலாம் என்பது எம்மவரில் பலர் அறியாத செய்தி. அக்கரையோரக் கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் சிலவற்றில் இன்றும் வீட்டு மொழி தமிழே. பிள்ளைகள் சிங்களத்தில் படிக்கிறார்கள். உம்மாவோடும் வாப்பாவோடும் எமது பிள்ளைகள் பேசுவது போல, அவர்கள் அம்மாவோடும் அப்பாவோடும் தமிழில் பேசுகிறார்கள். அந்தத் தமிழின் ஓசை தனி. மொழியியல் ஆய்வாளர்கள் அதனைத் தனியாக ஆராய்ந்து எழுதியும் இருக்கிறார்கள்.

நான் மலைநாட்டில் பிறந்தவன். கடல் எனக்குத் தூரத்து உறவு. ஆயினும் சிங்களச் சகோதரர் எம்மை அழைக்கும் பெயர்களில் ஒன்று 'மரக்கல' என்பதல்லவா! மரக்கலம் என்றால் கப்பல். சில வேளை ஏளனமாகச் சொல்லப்படும் அந்தப் பெயரைக் கேட்டு நான் வருந்தியதில்லை. கப்பலில் வந்தவன் என்பதில் என்ன இழிவு? ஆனால் மரக்கலப் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு மரக்கலத்திலாவது ஏறாமல் இருப்பதுதான் எனக்கு ஒரு குறையாக இருந்தது.

அந்தக் கரைக்குப் போகச் சில வருடங்களாகத் தயக்கமும் இருந்தது. மறைத்துப் பயனில்லை. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கட்டுவாப்பிட்டி தேவாலயத்தில் குண்டு வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதைச் செய்தவன் எமது பெயரைச் சூடியவன். மே 5ஆம் திகதி இரவு அதே ஊரில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. தாடியும் தொப்பியுமாக ஒரு மௌலவி அந்தக் கடற்கரையில் போய் நின்று, "என்னை வள்ளத்தில் ஏற்றிச் செல்வீர்களா?" என்று கேட்பது எப்படி? பெரியமுல்லையில் மீன் வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர்தான் வழி செய்து தந்தார். அவருக்கும் ஒரு முதிய மீனவருக்கும் முப்பது வருடக் கொடுக்கல் வாங்கல். "வரச் சொல்லுங்க, ஆனா ஞாயிற்றுக்கிழமை நாங்க கடலுக்குப் போறதில்ல" என்று பெரியவர் சொல்லியனுப்பினார். 2024 பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, சுபஹுத் தொழுகையை முடித்த கையோடு கரைக்குப் போனேன்.

வள்ளத்தைக் கிட்ட நின்று பார்த்ததும் எனக்கு முதலில் வந்த எண்ணம், இதில் எங்கே உட்காருவது என்பதுதான். ஏறத்தாழ முப்பது அடி நீளம். அகலமோ ஒரு மனிதன் கால்களை ஒடுக்கி வைக்கும் அளவு. அடியிலே குடைந்த மரம் போன்ற உடல், அதன் மேல் நிமிர்த்தி வைத்த இரண்டு பக்கப் பலகைகள். அதை மட்டும் தனியே தண்ணீரில் விட்டால் அடுத்த கணமே புரண்டுவிடும். புரளாமல் காப்பது பக்கத்தில் இருக்கும் கட்டை. வள்ளத்திலிருந்து வளைந்த இரண்டு நீண்ட கம்புகள் ஒரு பக்கமாக வெளியே போகின்றன. அவற்றின் முனையில், இரு புறமும் கூராக்கிய ஒரு கட்டை, வள்ளத்துக்குச் சமாந்தரமாகத் தண்ணீரில் மிதக்கிறது. ஒரு பக்கம் மட்டுமே. மறுபக்கம் ஒன்றுமில்லை.

இதன் கணக்கு உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இடுப்பில் தண்ணீர்க் குடத்தைச் சுமந்து வரும்போது என்ன செய்வீர்கள்? மறுகையைப் பக்கவாட்டில் அகல நீட்டி நடப்பீர்கள். யாரும் கற்றுத் தருவதில்லை, உடம்பே செய்துகொள்கிறது. வள்ளமும் அதையே செய்கிறது. காற்று பாயில் மோதி வள்ளத்தை ஒரு பக்கம் சாய்க்கப் பார்க்கிறது. நீட்டிய கை போல, காற்று வரும் பக்கத்தில் இருக்கும் கட்டை தன் பாரத்தால் அதனை இழுத்துப் பிடிக்கிறது. ஆகவே வள்ளம் அகலமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. கத்தி போல் ஒடுங்கியிருக்கலாம். ஒடுங்கியிருப்பதால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகாமல் கிழித்துக்கொண்டு போகிறது. அதன் வேகத்தின் இரகசியம் அவ்வளவே.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கட்டை எப்பொழுதும் காற்று வரும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தவறி மறுபக்கம் வந்துவிட்டால், காற்று பாயை அழுத்த, பாய் கட்டையைத் தண்ணீருக்குள் அழுத்த, வள்ளம் கவிழ்ந்துவிடும். அப்படியானால் போன வள்ளம் எப்படித் திரும்பி வரும்? வள்ளத்தைத் திருப்பினால் கட்டையும் பக்கம் மாறிவிடுமே!

இந்த வள்ளம் திரும்புவதில்லை, சகோதரிகளே. அதற்கு முன்பக்கம், பின்பக்கம் என்ற பேதம் கிடையாது. இரண்டு முனைகளும் ஒரே மாதிரிச் செய்யப்பட்டவை. திசை மாற வேண்டுமானால் பாயைத் தளர்த்தி, இந்த முனையில் கட்டியதை அந்த முனைக்குக் கொண்டு போகிறார்கள். சுக்கான் பிடித்தவர் எழுந்து மறுமுனைக்குப் போகிறார். இதுவரை பின்னாக இருந்தது முன்னாகிவிடுகிறது. கட்டை மட்டும் தன் காற்றுப் பக்கத்தை விட்டு அசைவதில்லை.

இது இன்று நேற்று வந்த உபாயமல்ல. கி.பி. 79இல் இறந்த ரோம அறிஞர் பிளினி, தப்ரபேன் என்று அவர்கள் அழைத்த எமது இத்தீவின் கப்பல்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆழமற்ற கடலின் ஒடுங்கிய வழிகளில் திருப்ப வேண்டாதபடி, அவற்றுக்கு இரு பக்கமும் முன்முனை இருக்கும் என்கிறார். அவர் இங்கு வந்தவரல்லர்; கேட்டு எழுதியவர். என்றாலும் பெரியவர் வள்ளத்தைக் காட்டி எனக்குச் சொன்னதும் அவர் எழுதியதும் ஒன்றாகவே இருக்கின்றன.

இதே வள்ளத்தின் உடன்பிறப்புகள் பசுபிக் சமுத்திரத்திலும் இருக்கின்றன. 1521இல் மகெல்லனின் கப்பல்கள் குவாம் தீவை அடைந்தபோது அவற்றைச் சுற்றிப் பறந்தவை இத்தகைய ஓடங்களே. 1742இல் ஆங்கிலேயத் தளபதி அன்சன் தினியன் தீவில் தங்கியபோது அவரது ஆட்கள் ஓர் ஓடத்தைப் பிடித்துப் பிரித்து அளந்து படம் வரைந்தார்கள். மணிக்கு ஏறக்குறைய 20 மைல் ஓடும் என்று அப்பிரயாண நூலில் எழுதப்பட்டிருக்கிறது. கப்பற்காரர் கணக்கில் கொஞ்சம் உப்புக் கூடுதலாக இருக்கலாம். அங்குள்ள பாய் முக்கோணம், இங்குள்ளது நாற்கோணம். மற்றபடி ஒரு பக்கக் கட்டை, இரு முனையும் ஒன்று, திரும்பாமல் திசை மாறும் முறை எல்லாம் ஒன்றே. மேலைநாட்டார் அதற்கு வைத்த 'புரோவா' என்ற பெயர், எமது மலாய்ச் சகோதரிகள் வீட்டில் படகுக்குச் சொல்லும் 'பெராஹு' என்ற சொல்லேதான். தென்கிழக்காசியத் தீவுகளிலிருந்து புறப்பட்டு ஒரு புறம் பசுபிக்கையும் மறுபுறம் மடகஸ்காரையும் சென்றடைந்த கடலோடிகளே பக்கக் கட்டை வைக்கும் வழக்கத்தை இந்தச் சமுத்திரமெங்கும் பரப்பினார்கள் என்பது ஆய்வாளர் கருத்து.

இனிப் பிரயாணத்துக்கு வருவோம். அதிகாலையில் தரையிலிருந்து கடலை நோக்கி ஒரு மெல்லிய குளிர்காற்று வீசும். கரைக்காற்று என்பார்கள். அதைப் பிடித்துத்தான் வள்ளங்கள் வெளியே போகின்றன. பெரியவரும் அவரது சகோதரியின் மகனும் நானும் மூன்று பேர். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கம்புகளின் மேல் குறுக்கே கட்டியிருந்த பலகையில் உட்கார்ந்தேன். நடுவிலிருந்து இரண்டு நீண்ட மரங்கள் விரல் விரித்தாற்போல மேலே பிரிந்து செல்ல, அவற்றின் இடையே பாய் விரிந்தது. மோட்டார்ச் சத்தம் இல்லை, புகை இல்லை. கரை பின்னால் போவதை நான் கவனிக்கு முன்னரே தென்னை மரங்கள் ஈர்க்குக் குச்சிகளாகிவிட்டன.

வெளியே போனதும் இறால் வலையை இறக்கினார்கள். பாயில் படும் காற்றே வலையையும் இழுக்கிறது. அந்த நேரம் வள்ளம் மெதுவாக நகரும்; பொறுமைதான் வேண்டும். ஒன்பது மணியளவில் கரைக்காற்று அடங்கிவிட்டது. கடல் எண்ணெய் போலக் கிடந்தது. பாய் தொங்கியது. பெரியவர் வெற்றிலை மடித்தார். "இனி என்ன செய்வது?" என்றேன். "அடுத்த காத்து வரணும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரம் அப்படியே இருந்தோம். எனது மாணவர்களுக்குப் பதினைந்து வருடங்களாகப் பொறுமையைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன். பெரியவரை அழைத்துப் போய் வகுப்பில் உட்கார வைத்திருக்கலாம் என்று தோன்றியது.

பிறகு மேற்கிலிருந்து கடற்காற்று வந்தது. தூரத்தில் தண்ணீர் கறுத்துக்கொண்டு வருவதைப் பெரியவர் முதலில் கண்டார். வலை ஏறிவிட்டது. வள்ளத்தை அதற்கேற்பச் சரிசெய்து, கட்டை மேற்குப் பக்கம் நிற்க, கரையோரமாக வடக்கே ஓடினோம். அப்பொழுதுதான் வேகம் என்றால் என்னவென்று அறிந்தேன். கம்புகள் முனகின. கட்டை தண்ணீரை விட்டு எழும்பப் பார்த்தது. இளைஞர் ஒரு கயிற்றைப் பிடித்தபடி கம்பின் மேல் வெறுங்காலோடு நடந்து போய், பாதி தூரத்தில் நின்று, பின்புறமாகச் சாய்ந்துகொண்டார். கட்டை மீண்டும் தண்ணீரில் அமர்ந்தது. காற்று இன்னும் ஏறியது. சுக்கானிலிருந்த பெரியவர் என்னைப் பார்த்தார்.

"மவுலவி, நீங்களும் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி இருங்க. உங்கட பாரமும் வேணும்."

கயிற்றைப் பற்றிக்கொண்டு நகர்ந்தேன். கால்களுக்குக் கீழே பலகை முடிந்து வெறும் கம்பும் கடலும் மட்டுமே இருந்தன. இளைஞர் ஒரு கையால் எனது தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார். வாயில் வந்த துஆக்களை எல்லாம் ஓதினேன். அவர்களும் எதையோ சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

பழைய ஆங்கிலேயர் குறிப்புகளில் ஒரு வேடிக்கையான செய்தி உண்டு. இலங்கை மீனவர் காற்றின் பலத்தை, கம்பின் மேல் எத்தனை பேர் ஏற வேண்டியிருக்கிறது என்பதைக் கொண்டு சொல்வார்களாம். ஓராள் காற்று, ஈராள் காற்று, மூவாள் காற்று என்று. அதைப் பற்றிக் கேட்டேன். பெரியவர் சிரித்தார். "இப்ப ரெண்டு ஆள் காத்துக்கு மேல போறதில்ல. மூணாவது ஆள் இத்தாலியில இருக்கான்" என்றார். மூன்றாவது ஆள் அவரது சொந்த மகன். நீர்கொழும்பு, வென்னப்புவ பக்கத்திலிருந்து இத்தாலிக்குப் போனோர் ஏராளம்.

களப்பு வாய்க்குத் தெற்கே வர வேண்டியிருந்ததால் வடக்கே ஓரிடத்தில் திசையை மாற்றினார்கள். நான் மேலே சொன்னபடியே பாய் முனை மாறியது. பெரியவர் சுக்கானோடு என்னைக் கடந்து மறுமுனைக்குப் போனார். நிமிடக் கணக்கில் சொல்ல முடியாத சிறு நேரம். முன்னால் பார்த்துக்கொண்டிருந்த நான் இப்போது பின்னால் பார்த்துக்கொண்டிருந்தேன்!

அந்த வள்ளத்தில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. கம்பையும் கட்டையையும் வள்ளத்தையும் சேர்த்திருப்பது ஆணியல்ல, கயிறு. அலை அடிக்கும்போது ஒவ்வொரு கட்டும் சிறிது அசைந்து கொடுக்கிறது. இறுக்கி ஆணி அடித்திருந்தால் அந்த இடமே முதலில் உடையும் என்றார் பெரியவர். முன்னாளில் பக்கப் பலகைகளையும் அடிமரத்தோடு தென்னந்தும்புக் கயிற்றால் தைத்தே செய்தார்கள்.

கேட்டதும் எனக்கு அரபுக் கல்லூரியில் படித்த பிரயாண நூல்கள் நினைவுக்கு வந்தன. 1183இல் ஹஜ்ஜுக்குப் போன இப்னு ஜுபைர், செங்கடற்கரை ஐதாப் துறைமுகத்தில் ஆணி சிறிதும் இன்றித் தென்னந்தும்புக் கயிற்றால் தைத்த மரக்கலங்களைக் கண்டு எழுதியிருக்கிறார். அவற்றின் மரமும் கயிறும் இந்தியாவிலிருந்தும் யமனிலிருந்தும் வந்தவை. மாலைதீவில் காழியாக இருந்து, 1344இல் எமது நாட்டுக்கும் வந்த இப்னு பதூதா இன்னும் விளக்கமாகச் சொல்கிறார். இக்கடலில் பாறைகள் அதிகம். ஆணியால் இறுக்கிய கப்பல் மோதினால் நொறுங்கும், கயிற்றால் தைத்தது நெகிழ்ந்து தப்பும் என்பது அவர் தரும் காரணம். கடற்கரைக் குழிகளில் மட்டையை ஊறவைத்து, கட்டையால் அடித்து, அதன் பின் அந்தத் தும்பைக் கயிறாகத் திரிப்பவர்கள் பெண்கள் என்றும் குறித்திருக்கிறார். அத்தோடு மாலைதீவார் மீனைக் காயவைத்து இந்தியா, சீனா, யமன் வரை அனுப்புவதையும் எழுதத் தவறவில்லை. உங்கள் குசினி டின்னில் இருக்கும் மாசிதான் அது!

ஆக, ஹாஜிகளை ஜித்தாவுக்கு ஏற்றிச் சென்ற கப்பலின் ஒவ்வொரு பலகையையும் பிடித்து வைத்திருந்தது, பெயர் தெரியாத ஏதோ ஒரு கரையோரப் பெண்ணின் கைவேலை. கப்பல் ஓட்டியவர்களைப் பற்றி நூல்கள் நிறைய உண்டு. கயிறு திரித்தவர்களுக்கு இப்னு பதூதாவின் ஒரு வரி கிடைத்ததே பெரிது.

நான் ஏறிய வள்ளத்தின் கட்டுகள் நைலோன் கயிறு. உடலும் மரமல்ல, பைபர் கிளாஸ். இதைச் சொல்லாவிட்டால் பழைமையின் மீதுள்ள ஆசையில் பொய் சொன்னவனாவேன். வள்ளம் குடையத் தகுந்த பெரிய மரம் இப்பொழுது எளிதில் கிடைப்பதில்லை. 1950களின் பிற்பகுதியில் மோட்டார்ப் படகுகள் வரத் தொடங்கியபின் பாய் ஒதுங்கிக்கொண்டே வந்தது. தொடந்துவையிலிருந்து இதே பக்கக் கட்டை முறையில் செய்த பெரிய சரக்குக் கப்பல்கள் மாலைதீவுக்கும் இந்தியாவுக்கும் ஓடிய காலம் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியோடு அவை மறைந்தன. நீர்கொழும்பில் பாய் மிஞ்சியதற்குக் காரணம் கலைப்பற்றல்ல. இறால் வலையை இழுக்க அது போதும், எண்ணெய்ச் செலவும் இல்லை.

அதன் அருமை 2022இல் தெரிந்தது. மண்ணெண்ணெய் இல்லாமல் மோட்டார் வள்ளங்கள் மாதக்கணக்கில் கரையில் கிடந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. "அந்த நாள்ல எங்கட பாயப் பாத்துச் சிரிச்சவனெல்லாம் எங்ககிட்ட மீன் கேட்டு வந்தான்" என்றார் பெரியவர். அதற்கு முந்திய வருடம், 2021 மே மாதத்தில், எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றி, ஜூனில் மூழ்கி, பிளாஸ்ரிக் மணிகள் கரையெல்லாம் குவிந்து, கடலுக்குப் போகவே தடை விதிக்கப்பட்டபோதோ பாயாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வறுமையை அழகென்று நான் சொல்ல வரவில்லை. கடற்கரையில் நின்று படம் பிடிப்பவருக்குப் பாய் அழகு. இரவு மூன்று மணிக்கு எழும்புபவருக்கு அது அன்றைய சோறு. மகன் இத்தாலிக்குப் போனதில் பெரியவருக்குக் கோபம் இல்லை. மகன் அனுப்பிய பணத்தில்தான் இந்தப் பைபர் கிளாஸ் உடல் வாங்கப்பட்டது. ஆனால் சகோதரியின் மகனுக்குப் பிறகு யார் என்று கேட்டபோது, அவர் பதில் சொல்லாமல் பாயைச் சுருட்டத் தொடங்கிவிட்டார்.

கரையில் பெரியவரின் மனைவி காத்திருந்தார். கூடையைக் கொட்டி, இறாலைப் பெரிது, நடுத்தரம், சிறிது என்று அவர் பிரித்த வேகத்துக்கு வள்ளத்தின் வேகம் ஈடாகாது. எனக்கென்று ஒரு பொதி கட்டித் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். "வீட்டு அம்மாவுக்குக் குடுங்க. தலையக் களையாம ஆணம் வைக்கச் சொல்லுங்க" என்றார். அப்படியே வைக்கப்பட்டது. உண்மையிலேயே வேறு ருசி.

நீங்களும் பிள்ளைகளோடு போய்ப் பார்க்கலாம். சோளகக் காற்று மூர்க்கமாக வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்கள் உகந்தவையல்ல. கடல் கொந்தளிப்பாக இருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். விடியும் நேரத்தில் போனால் வள்ளங்கள் புறப்படுவதைக் காணலாம், பகல் பதினொரு மணிக்குப் பின் திரும்பி வருவதைக் காணலாம். பக்கக் கட்டை எந்தப் பக்கம் இருக்கிறதென்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் அது கரைப் பக்கம் இருக்கும். பகலில் கடல் பக்கம் இருக்கும்.